பழைய செய்கோ 6139: கழற்றிய அசல் டயலையும் முள்களையும் திரும்பப் போடலாமா?

பகாவ் மகள் (பகாவ், நெகிரி செம்பிலான்)

அனைவருக்கும் வணக்கம். பழைய கடிகாரங்களைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

அப்பா பக்கத்துத் தோட்டத்துச் செம்பனை ஆலையில், பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன்பே சிரம்பானில் வாங்கிய செய்கோ கைக்கடிகாரம் ஒன்றை இன்றுவரை வைத்திருக்கிறார். பின்மூடியில் 6139-6002 என்றும், 41 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்ணும் பொறித்திருக்கின்றன. மஞ்சள் டயல், நீலமும் சிவப்புமான வெளிவளையம், வலப்பக்கத்தில் இரண்டு பொத்தான்கள், டயலின் கீழ்ப்பாதியில் 30 நிமிடம் வரை எண்ணும் சின்ன வட்டம்.

அதை அவர் அலங்காரத்துக்காகக் கட்டவில்லை. ஆலையில் குலைகளைக் கூண்டு வண்டிகளில் ஏற்றி, நீளமான கலனுக்குள் தள்ளிக் கதவை அடைத்ததும் ஆவியைத் திறப்பார்கள். அழுத்தத்தை ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றி இறக்கி, மூன்றாம் முறை ஏற்றி 40 பவுண்டில் நிறுத்திப் பிடிப்பார்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். வேக்காடு போதாவிட்டால் பழம் குலையை விட்டு உதிராது. மிஞ்சினால் எண்ணெயின் தரம் கெடும். மூன்றாவது ஏற்றத்தில் அழுத்தமானி கோட்டைத் தொட்டதும் அப்பா மேல் பொத்தானை அழுத்துவாராம். சின்ன வட்டம் ஒரு சுற்று வந்து, பிறகு பாதி வட்டம் தாண்டும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் கடிகாரம் நின்றுபோனது. ஒரு கடையில் கொடுத்தோம். ஓட வைத்தார்கள், கூடவே புது டயல், புது முள்கள், புது வெளிவளையம் எல்லாம் போட்டுப் பளபளவென்று கொடுத்தார்கள். கழற்றிய அசல் பாகங்களைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பித் தந்தது ஒரு நல்ல காரியம். அப்பா கட்டிப் பார்த்தார். "இது யாருடைய கடிகாரமோ" என்று சொல்லிக் கழற்றி வைத்தவர்தான், அதன்பிறகு தொடவே இல்லை.

இப்போது சிக்கல்கள். சிவப்பு வினாடி முள், கீழ்ப் பொத்தானை அழுத்தினால் 12-க்குச் சரியாகத் திரும்புவதில்லை. மேல் பொத்தான் உள்ளே போனால் மெதுவாகத்தான் வெளியே வருகிறது. புது டயலில் 70 மீட்டர் நீர் தாங்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. பழைய டயலில் அந்த வரியே இல்லை. பழைய டயலின் 4 மணி ஓரத்தில் ஒரு பழுப்புக் கறையும் இருக்கிறது, துடைத்தால் போகுமா? பையில் உள்ள எல்லாவற்றையும் திரும்பப் போடச் சொல்லலாமா, அல்லது சிலவற்றை விட்டுவிட வேண்டுமா?


கிள்ளான் சேகரிப்பாளன் (கிள்ளான்)

சகோதரி, உங்கள் அப்பாவின் கடிகாரம் அருமையான ஒன்று. அந்த ஆறு இலக்க எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அதன் இரண்டாவது இலக்கம் மாதத்தைக் குறிக்கும். 6139 வகை 1969-இல் வந்து எழுபதுகளோடு முடிந்துவிட்டதால் 41 என்பது 1974 ஜனவரி என்பதைத் தவிர வேறாக இருக்க முடியாது. அந்த மாதம் முழுவதும் வில்லியம் போக் என்ற அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்கைலேப் நிலையத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தார். 1973 நவம்பர் 16 முதல் 1974 பிப்ரவரி 8 வரை, 84 நாள் பயணம். அவர் கையில் இருந்தது 6139-6005, இதே மஞ்சள் டயல், உங்களுடையதன் உடன்பிறப்பு. சேகரிப்பவர்கள் இந்த மஞ்சள் டயலை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

நீர் பற்றிய வரிக்கு வருகிறேன். தொடக்ககால டயல்களில்தான் அந்த வாசகம் உண்டு. முதலில் ஒரு சொல்லும் பிறகு வேறு சொல்லுமாக அச்சிட்டார்கள்; பின்னர் டயலிலிருந்து வரியையே எடுத்துவிட்டார்கள். ஆகவே 1974 கடிகாரத்தில் அந்த வரி இல்லாத உங்கள் பழைய டயல்தான் சரி. பழைய டயலின் அடி ஓரத்தில், 6 மணிக்குக் கீழே, 6139 என்று தொடங்கும் மிகச் சிறிய எண்ணும் இருக்கும். பின்மூடி எண்ணிலிருந்து அதன் கடைசி இலக்கங்கள் வேறுபடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

என் கருத்து: பையில் இருக்கும் அனைத்தையும் ஒன்று விடாமல் திரும்பப் போடுங்கள். கீறல் விழுந்த கண்ணாடி இருந்தால் அதையும் போடுங்கள். உள்ளே எதையும் மாற்ற விடாதீர்கள். ஒரு பாகம் மாறினாலும் அது அசல் கடிகாரம் இல்லை.


அஞ்சடிக் கடிகாரக்காரன் (கோலப் பிலா)

மகளே, நான் கோலப் பிலாவில் அஞ்சடியில், அதாவது கடைவரிசைக்கு முன்னால் உள்ள நடைபாதையில், மேசை போட்டுக் கடிகாரம் பார்க்கிறவன். கிராணி, மண்டோர், லாரி ஓட்டுநர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று தோட்டத்து மக்கள் கையிலிருந்து வந்த 6139-கள் நிறைய என் மேசையில் திறந்து கிடந்திருக்கின்றன. கிள்ளான் தம்பி டயலைப் பற்றிச் சொன்னது சரி. உள்ளே எதையும் மாற்றக் கூடாது என்று சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு முள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். மேல் பொத்தானை அழுத்தி ஓடவிட்டு, மறுபடி அழுத்தி நிறுத்தி, கீழ்ப் பொத்தானை அழுத்துங்கள். முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முள்ளை வெவ்வேறு இடங்களில் நிறுத்தி இதையே பல முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தள்ளி நின்றால், முள்ளைப் பொருத்தியவர் கோணம் பார்க்காமல் பொருத்தியிருக்கிறார். அது சின்ன வேலை. ஒரு தடவை 1-ஆம் கோடு, ஒரு தடவை 58, ஒரு தடவை 3 என்று அலைந்தால், முள் அச்சைச் சரியாகப் பிடிக்கவில்லை.

ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தும்போது உள்ளே ஒரு சிறு சுத்தியல் இறங்கி, வினாடி முள்ளின் அச்சில் இருக்கும் இதய வடிவத் தகட்டை அடிக்கிறது. தகடு எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும், அந்த வளைவில் சுத்தியலின் முகம் வழுக்கி, இதயத்தின் பள்ளத்தில் வந்து உட்காரும். அப்போதுதான் முள் 12-இல் நிற்கும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடக்கிறது. 30-இல் நின்ற முள், அரை வட்டம் பறந்து வந்து சடாரென்று நிற்க வேண்டும். அச்சு நின்றுவிடும், பிடிப்பு இல்லாத முள் நிற்காது. பிடி தளர்ந்த மண்வெட்டி ஒவ்வொரு கொத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழல்வதுபோல, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முள் தன் இடத்தை விட்டு நழுவும்.

உங்கள் கடிகாரத்தில் பிடிப்பு ஏன் போயிற்று? நான் சந்தேகப்படுவது அந்தப் புது டயலை. என் கைக்கு வந்த நகல் டயல்களில் அசலைவிடத் தடித்தவை உண்டு. இந்தக் கடிகாரத்தில் நடுவில் மணி முள், நிமிட முள், அதற்கு மேல் சிவப்பு முள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. டயல் தடித்தால் மணி முள் உயரும், அது உரசாமல் இருக்க நிமிட முள் உயரும், கடைசியில் சிவப்பு முள்ளுக்கு அச்சின் நுனிதான் மிஞ்சும். முழு நீளத்துக்கு அச்சைக் கவ்வ வேண்டிய குழாய் பாதியைத்தான் கவ்வுகிறது. அதை எவ்வளவு அழுத்திப் பொருத்தினாலும் சுத்தியலின் அடிக்குத் தாங்காது. ஆகவே பழைய டயலைத் திரும்பப் போடுவது அப்பாவின் மனத்துக்காக மட்டும் இல்லை. இந்த இயந்திரம் அந்தத் தடிமனுக்குத்தான் அளவெடுத்துச் செய்யப்பட்டது.

இன்னொன்றும் பாருங்கள். பையில் இருக்கும் அசல் சிவப்பு முள்ளைச் சாமணத்தால் ஓரத்தில் பிடித்துத் திருப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் நடுப்பகுதியைப் பாருங்கள். பின்பக்கம் ஒரு நுண்குழாய் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வகையில் அவசரமாக நெம்பினால் தகடு மட்டும் கையோடு வந்துவிடும், குழாய் அச்சிலேயே தங்கிவிடும். குழாய் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அது கொஞ்சம் தளர்ந்திருந்தால் குழாயின் வாயைச் சுற்றிலும் மெல்ல நெருக்கிப் பிடிப்பு ஏற்றலாம். எவராவது பசை வைக்கிறேன் என்று சொன்னால் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். பசை அந்தக் குழாய் வழியாக உள்ளே இறங்கும். அடுத்த முறை முள்ளைக் கழற்றுகிறவன் அச்சையே உடைக்க வேண்டியிருக்கும். அந்த அச்சு தனியாகக் கிடைக்கும் பொருள் இல்லை.

அந்த அச்சைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1969-இல் தானாகச் சாவி ஏறும் குரோனோகிராஃப்கள், அதாவது பொத்தானை அழுத்தி நேரம் எண்ணும் கடிகாரங்கள், மூன்று தரப்பிலிருந்து வந்தன: ஜெனித், ஹோயரும் பிரைட்லிங்கும் வேறு சிலரும் சேர்ந்து செய்தது, செய்கோவின் 6139. அதற்கு முன் வந்த பெரும்பாலான சுவிஸ் குரோனோகிராஃப்களில் ஒரு பல்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து வந்து இன்னொன்றோடு பல் சேரும். அதனால் தொடங்கும் நேரத்தில் முள் ஒரு துள்ளு துள்ளும். 6139-இல் அப்படி இல்லை. மேலிருந்து கீழாக அழுத்திப் பிடிக்கும் செங்குத்துக் கிளட்ச், நடு அச்சிலேயே இருக்கிறது. மேல் பொத்தானை அழுத்தினால் முள் வழுக்கிக்கொண்டு கிளம்பும். உங்கள் அப்பா கோட்டைத் தொட்டதும் அழுத்தினார் என்றீர்களே, அந்த நொடியிலேயே எண்ணத் தொடங்கியிருக்கும்.

இந்தக் கிளட்ச் இருக்கும் சக்கரத்தை மற்றப் பாகங்களோடு சேர்த்துக் கழுவும் திரவத்தில் முக்கக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெய் கரைந்து வெளியேறிவிட்டால் திரும்ப ஊட்டுவது கடினம். பிரித்துப் பார்க்கிறேன் என்று தொடங்கினால் பெரும்பாலும் சக்கரமே கெடும். எந்தக் கடையில் கொடுத்தாலும் இதை முன்கூட்டியே கேளுங்கள்: "நடுச் சக்கரத்தைக் கழுவுவீர்களா?" கழுவுவேன் என்றால் வேறு கடை பாருங்கள். நேராக "மாட்டேன்" என்று சொல்லிக் காரணமும் சொல்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

இப்போது கிள்ளான் தம்பிக்கு. தம்பி, அசல் என்ற சொல்லுக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் கடிகாரத்தை ஓட்டும் சுருளான மெயின் ஸ்பிரிங்கும், பொத்தான்களின் ரப்பர் வளையங்களும், பின்மூடி வளையமும், கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வளையமும் தேய்வதற்கென்றே செய்த பொருள்கள். அவற்றை மாற்றித்தான் தீர வேண்டும் என்று எண்ணியே செய்தவன் செய்தான். காய்ந்து வெடித்த 1974-ஆம் ஆண்டு ரப்பரை அசல் என்று வைத்துக்கொண்டால், நம் ஊர் ஈரம் அதன் வழியாக உள்ளே போய் அசல் டயலையும் அசல் பொறியையும் தின்றுவிடும். ஒரு ரப்பரைக் காப்பாற்றி ஒரு கடிகாரத்தை இழப்பதா? ஆலையில் ஆவிக்குப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்த கடிகாரம் இது. 4 மணிக் கறையும் கீழ்ப் பொத்தான் பக்கம்தான். அந்த வழியாகத்தான் ஈரம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மேல் பொத்தான் மெதுவாக வெளியே வருவதற்கும், அழுக்கு, காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு, இறுகிய ரப்பர் இவைதான் பெரும்பாலும் காரணம். பொத்தானைக் கழற்றித் துப்புரவு செய்து, அதே பொத்தானுக்குப் புது வளையம் போட வேண்டும். பொத்தானையே மாற்றத் தேவை இருக்காது.

தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். அது பொத்தானில் நிற்காது. உள்ளே ஊர்ந்து டயலுக்கு அடியில் பரவும்.

கறையைத் துடைக்காதீர்கள், மகளே. ஈரத் துணி, எச்சில், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். அந்த மஞ்சளின் மேல் மெல்லிய தெளிவான பூச்சு இருக்கிறது; அது எங்கே தளர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. துடைத்தால் கறையோடு எழுத்தும் வரலாம். ஊதும் பந்தால் தூசியை நீக்குவதோடு நான் நிறுத்திவிடுவேன்.

கூட்டை மெருகேற்றவும் விடாதீர்கள். மெருகு இயந்திரம் தொட்டால் கூர்மையான விளிம்புகள் மழுங்கி, கூடு சோப்புக் கட்டியாகிவிடும். போன உலோகத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

உள்ளே ஏதாவது சக்கரமோ நெம்புகோலோ தேய்ந்திருந்தால் வேறு 6139-இலிருந்து எடுத்துப் போட வேண்டியிருக்கும். 6139-இலேயே ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உதிரிக்காக ஓடாத கடிகாரம் வாங்குவதானால் இதைப் பார்த்து வாங்குங்கள். தேய்ந்த பாகத்தை அப்படியே விட்டால் அது தன்னோடு பல் சேரும் நல்ல பாகத்தையும் தேய்க்கும். எனவே மாற்ற வேண்டியதை மாற்றுவேன். கழற்றிய ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் மடித்து, என்ன பாகம், எந்தத் தேதி என்று எழுதி உரிமையாளரிடம் கொடுத்துவிடுவேன். உங்கள் ஊர்க் கடைக்காரர் பாகங்களைத் திருப்பிக் கொடுத்தாரே, அதனால்தான் இன்றைக்கு நாம் இதைப் பற்றிப் பேசவே முடிகிறது.


பகாவ் மகள்

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன சோதனையை அப்பாவே செய்தார். முள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. ஒரு தடவை சரியாக 12-இல் நின்றது. அடுத்த தடவை 4-ஐத் தாண்டிவிட்டது.

பையில் இருந்த சிவப்பு முள்ளை, தம்பியின் உருப்பெருக்கியில் பார்த்தோம். பின்னால் குழாய் இருக்கிறது. மணி முள்ளின் வெள்ளைப் பூச்சு ஒரு மூலையில் உரிந்திருக்கிறது. பழைய வெளிவளையத்தில் 2 மணிக்குப் பக்கத்தில் ஒரு நசுங்கல். கலனின் கதவில் கை இடித்தபோது பட்டதாம். நாங்கள் புது வளையமே இருக்கட்டும் என்றோம். அப்பா கேட்கவில்லை. பழையதுதான் வேண்டும் என்கிறார்.

கண்ணாடியும் பையில் இருக்கிறது. நடுவில் கீறல்கள், ஓரத்தில் அரிசி முனை அளவுக்குச் சில்லு பெயர்ந்திருக்கிறது. கிள்ளான் சகோதரர் சொன்னபடி அதையும் போடலாமா?

இன்னொரு சந்தேகம். அப்பா குமிழைத் திருகிச் சாவி கொடுக்க முயல்கிறார், ஏறவே இல்லை. அதுவும் பழுதா?


கிள்ளான் சேகரிப்பாளன் (கிள்ளான்)

ஐயா சொன்ன ரப்பர் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். கண்ணாடியை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சில்லு பெயர்ந்த இடம் வளையத்துக்கு அடியில் மறைந்துவிடும் என்றால் போடலாமே?


தெலுக் இந்தான் பேரன் (தெலுக் இந்தான்)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ஐயா. என் தாத்தா தோட்டத்து மருத்துவமனையில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். அவருடைய சுவிஸ் கடிகாரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. திறந்து பார்த்தவர் உள்ளே லாண்டரான் 48 என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். டயலின் ஓரத்தில் நாடித்துடிப்பு அளவு போட்டிருக்கிறது. மேல் பொத்தானை அழுத்தினால் முள் ஓடுகிறது, மறுபடி அழுத்தினால் நிற்கவில்லை. நெம்புகோலை மாற்ற வேண்டும், டயல் மங்கிவிட்டதால் புதிதாக அச்சடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?


அஞ்சடிக் கடிகாரக்காரன் (கோலப் பிலா)

மகளே, நினைத்தபடியேதான். முள் நழுவுகிறது. பழைய டயலை உட்காரவைத்து, அசல் முள்களைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சிவப்பு முள்ளை அழுத்தும்போது இயந்திரத்தின் மறுபக்கத்தில் அச்சுக்கு நேர் கீழே தாங்கல் கொடுக்க வேண்டும். வெறும் மேசைமேல் வைத்து அழுத்தக் கூடாது. ரீசெட் செய்த நிலையில் 12-க்கு நேராக வைத்து, முதலில் லேசாகப் பதித்து, அடித்துப் பார்த்து, பிறகுதான் முழுதாக இறக்க வேண்டும். நான் கூட்டை மூடுவதற்கு முன் வெகுநேரம் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருப்பேன். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் பொறுமை இழப்பார், இழக்கட்டும்.

மணி முள்ளின் பூச்சு உரிந்தது அப்படியே இருக்கட்டும். ஆனால் உதிரும் நிலையில் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். உதிர்ந்த துகள் இயந்திரத்துக்குள் போனால் கடிகாரம் நிற்கும். தளர்ந்திருந்தால் முள்ளின் அடிப்பக்கத்தில் ஒட்டிப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது, முகம் மாறாது. வெளிவளையத்தைப் பொறுத்தவரை அப்பா சொல்வதுதான் முடிவு. அந்த நசுங்கலால் கடிகாரத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

கண்ணாடி வேண்டாம். தம்பி, மறைந்துவிடும் என்பதுதான் இதில் ஆபத்து. அந்த ஓரத்தில்தான் வளையம் கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கிறது. சில்லு பெயர்ந்த இடத்தில் இறுக்கம் சமமாக விழாது; ஈரம் நுழையும், அழுத்தத்தில் விரிசலும் நீளும். கண்ணாடித் தூள் ஒன்று அந்த மஞ்சள் டயலில் விழுந்து சிவப்பு முள் அதை இழுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால், டயலில் வட்டமாக ஒரு கீறல் நிரந்தரமாக நிற்கும். டயல் வேண்டுமா, கண்ணாடி வேண்டுமா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்ல யோசனையே வேண்டியதில்லை. பழைய கண்ணாடியைத் தாளில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குமிழ் பழுதில்லை. 6139-க்குக் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. கையில் கட்டி அசைத்தால்தான் ஏறும். சாதாரண நிலையில் குமிழைத் திருகினால் டயலைச் சுற்றியுள்ள உள்வளையம்தான் சுழலும். குமிழை உள்ளே பாதி அழுத்தினால் தேதி மாறும், முழுவதும் அழுத்தினால் கிழமை மாறும். இரவு 9 மணிக்கு மேல் விடியும்வரை அதைச் செய்ய வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சக்கரங்கள் தாமாகவே தேதியை மாற்றிக்கொண்டிருக்கும், இடையில் தள்ளினால் பல் உடையும்.

கொண்டுவரும்போது பழைய டயலைப் பஞ்சில் வைக்காதீர்கள். பஞ்சு நூல் மணிக்குறிகளில் மாட்டிக்கொண்டு இழுக்கும். முகம் எதையும் தொடாதபடி சின்ன டப்பாவில் வையுங்கள். பின்னால் இருக்கும் கால்கள் வளைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முள்களை ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனித் தாளில் மடியுங்கள். முடிந்தால் அப்பாவையும் அழைத்து வாருங்கள். எதைப் போட்டேன், எதை மாற்றினேன் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.

தெலுக் இந்தான் தம்பி, எதையும் கொடுக்காதீர்கள். லாண்டரான் 48-இன் அமைப்பே அதுதான். மேல் பொத்தான் ஓடவிட மட்டும். கீழ்ப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நிற்கும். மறுமுறை அழுத்தினால் 12-க்குத் திரும்பும். மற்றக் குரோனோகிராஃப்களையே பார்த்துப் பழகியவர்கள் இதைக் கெட்டுப்போனது என்று நினைத்து, நல்ல நெம்புகோலை வளைத்தும் அரத்தால் தேய்த்தும் பாழாக்கியதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் கீழ்ப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது கடினமாக இருந்தால் பலவந்தம் செய்யாமல் நிறுத்திவிடுங்கள். துப்புரவு செய்து எண்ணெய் இட்டால் போதும்.

டயலைப் புதிதாக அச்சடிக்கவே விடாதீர்கள். அந்த இயந்திரம் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு ஐந்து. வெளி ஓரத்துக் கோடுகள் ஐந்தில் ஒரு வினாடிக் கணக்கில் பிரிக்கப்பட்டிருந்தால் அதற்கு அதுவே காரணம். மறுபடி அச்சடிப்பவர்கள் அந்தக் கோடுகளை ஏறக்குறையப் போட்டுவிடுவார்கள். நாடித்துடிப்பு அளவைப் பாருங்கள். எத்தனை துடிப்புக்கு அளவிட்டது என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கும், பெரும்பாலும் 30 அல்லது 15. 30 என்றால், உங்கள் தாத்தா நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேல் பொத்தானை அழுத்தி, முப்பது துடிப்பு எண்ணி, கீழ்ப் பொத்தானை அழுத்தியிருப்பார். முள் நின்ற இடத்தில் இருக்கும் எண்தான் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது. 30 துடிப்பு 20 வினாடியில் முடிந்தால் அந்த இடத்தில் 90 என்று இருக்க வேண்டும். மங்கலாக இருந்தாலும் அந்த எண் சரியாக இருக்கிறது. புதிய அச்சில் அது சரியாக இருக்கும் என்று யார் பொறுப்பேற்பார்கள்?

முள்களிலோ எண்களிலோ பழுப்பேறிய ஒளிர்பசை இருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள், பின்மூடியை வீட்டில் திறக்கவும் வேண்டாம். அந்தக் காலத்து சுவிஸ் கடிகாரங்கள் பலவற்றில் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி போய்விட்டாலும் ரேடியம் போகாது, அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. தூள் மூச்சில் போகக் கூடாது. மூடியபடியே வைத்திருங்கள். கீழ்ப் பொத்தானை அழுத்தியபோது என்ன ஆனது என்று மட்டும் எழுதுங்கள், அதன்பிறகு பார்ப்போம்.